விதை யாருடையது?

1

'விதை அவனுடையது, நிலம் அவளுடையது' என்கிற பேச்சு நம்மூரில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. பிள்ளை இல்லாவிட்டால் 'நிலம் சரியில்லை' என்பார்கள். சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணின் வயிற்றைப் பார்த்து 'எவன் விதையோ' என்று ஒரு வார்த்தை வந்து விழும். சொத்து, தலைக்கட்டு, குலதெய்வம், இனிஷியல் எல்லாம் தகப்பன் வழியில் போவதற்கு இந்தப் பேச்சே எழுதாத பத்திரம்போல இருந்துவருகிறது.

எழுதின பத்திரமும் உண்டு. மனுஸ்மிருதியின் ஒன்பதாம் அத்தியாயம் பெண்ணை வயலாகவும் ஆணை வித்தாகவும் வைத்து விசாரிக்கிறது. இரண்டில் வித்தே மேலானது என்கிறது. ஆனால் இன்னொருவன் வயலில் விதைத்தால் விளைச்சல் வயலின் சொந்தக்காரனுக்குத்தான் என்றும் சொல்கிறது. சொந்தக்காரன் யார்? கணவன். ஆக விதையும் ஆணுடையது, வயலும் ஆணுடையது. இந்த வழக்கில் அவள் கட்சிக்காரியே இல்லை, வழக்கின் சொத்து மட்டும்தான். கிரேக்கத்தில் கி.மு. 458-இல் மேடையேறிய எஸ்கிலஸின் நாடகத்தில், தாயைக் கொன்ற மகனுக்காக வழக்காடும் அப்பல்லோ, தாய் என்பவள் பெற்றவளே அல்ல, விதைத்ததை வைத்து வளர்க்கும் செவிலி மட்டுமே என்று வாதிடுகிறான். மகன் விடுதலையாகிறான். அரிஸ்டாட்டில் இதையே தத்துவமாக்கினார்: வடிவத்தைத் தருவது ஆண், பெண் தருவது வெறும் பொருள்.

இவ்வளவு பேரும் செடியைத்தான் சாட்சிக்கு இழுத்தார்கள். யாருமே செடியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உவமையின் அஸ்திவாரமே ஆடியிருக்கும். விதை என்பது ஆண் கொடுக்கிற பொருள் அல்ல. பூவுக்குள் ஆண் செல்லும் பெண் செல்லும் சேர்ந்து முடிந்தபிறகு, சூலுக்குள் உருவாகி, தாய்ச்செடியின் தோலைப் போர்த்திக்கொண்டு வெளியே வருகிற அடுத்த தலைமுறைதான் விதை. விதைக்கிறவன் கையில் இருப்பது ஏற்கனவே பிறந்துவிட்ட பிள்ளை. அதை 'ஆண்' என்று சொல்வதற்குத் தாவரத்தில் எந்த முகாந்திரமும் இல்லை.

இந்தச் சாதாரண உண்மை நிலைபெற 1694 முதல் 1898 வரை, இருநூறு ஆண்டுகள் ஆயின. ஏன் அவ்வளவு காலம்? கண்ணாடிவில்லை போதவில்லை என்பது பாதிப் பதில். மீதிப் பதில் வில்லைக்கு இந்தப் பக்கம் இருந்த கண்களில் இருக்கிறது.

2

தமிழிலிருந்தே தொடங்கலாம். அஃறிணையில் ஆண்பால் பெண்பால் வினை கிடையாது. ஒன்றன்பால், பலவின்பால் இரண்டே. மரம் 'பூத்தது', மரங்கள் 'பூத்தன'. இலக்கணம் இப்படிப் பால் நீக்கி வைத்திருந்தாலும் வழக்கு விடவில்லை. ஆண்பனை, பெண்பனை என்றது. ஒன்று நுங்கு காய்க்கும், மற்றது காய்க்காது. கொச்சியின் டச்சு ஆட்சியாளராக இருந்த வான் ரீடு தொகுப்பித்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலின் முதல் தொகுதி 1678-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதில் பனை இரண்டாகப் பதிவாகியிருக்கிறது: 'கரிம்பன' என்றும் 'ஆம்பன' என்றும். ஆம்பன என்றால் ஆண்பனை. அந்த நூலுக்குச் செடிகளைப் பற்றிய அறிவைக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவர். தாவரத்துக்கு ஆண் பெண் உண்டா என்று ஐரோப்பாவின் கல்லூரிகள் முடிவுக்கு வராத காலத்தில், மலையாளக் கரையின் ஒரு மரப்பெயர் அந்தச் சேதியைச் சுமந்து கப்பலேறிவிட்டது.

இதை வைத்து 'எல்லாம் நமக்கு அப்பவே தெரியும்' என்று தண்டோரா போடுவதில் அர்த்தமில்லை. பெயர் வைப்பதும் செயலை அறிவதும் வேறு வேறு. காய்க்காத மரத்தை ஆண் என்று கூப்பிடலாம். அது காய்ப்புக்கு என்ன செய்கிறது என்பது அந்தப் பெயரில் இல்லை. பெயர்கள் ஏமாற்றவும் செய்யும். இங்கிலாந்தின் குடியானவர்கள் கஞ்சாச் செடியில் விதை தாங்கும் உரமான செடியை ஆண் என்றும், விதையில்லாமல் சீக்கிரம் வாடுவதைப் பெண் என்றும் அழைத்துவந்தார்கள். அதாவது நேர் தலைகீழ். உரமாக இருந்தால் ஆண், வாடினால் பெண். செடியைப் பார்க்குமுன்பே பால் முடிவாகியிருந்தது.

ஈச்சமரத்துச் சங்கதி இதைவிடத் தெளிவானது. ஆண் மரத்தின் பூக்குலையை வெட்டிவந்து பெண் மரத்தின்மேல் உதறினால்தான் பழம் நிற்கும் என்பது மேற்காசியத் தோட்டக்காரர்களுக்கு மிகப் பழங்காலத்திலிருந்தே தெரியும். அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோஃப்ராஸ்டஸ் அதை எழுதியே வைத்திருக்கிறார். இருந்தும் அந்தக் கைவேலையிலிருந்து ஒரு கொள்கை வரவில்லை. தாவரத்தில் ஆணும் பெண்ணும் பிரியாமல் கலந்தே கிடக்கின்றன என்ற குருவின் சொல்லே ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் நின்றது. உழைக்கிறவன் கைக்குத் தெரிந்தது, எழுதுகிறவன் ஏட்டில் ஏறவில்லை.

1682-இல் லண்டனில் நெஹேமையா க்ரூ தன் தாவர உள்ளமைப்பியல் நூலில், பூவின் நடுவே நிற்கும் மகரந்தத்தாள்கள்தான் ஆண் உறுப்பாக இருக்கவேண்டும் என்று எழுதினார். அது ஊகம்தான். சோதித்தவர் ஜெர்மனியின் டூபிங்கன் நகரத்து மருத்துவப் பேராசிரியர் ருடால்ஃப் கேமராரியஸ். 1694 ஆகஸ்டில் நண்பர் ஒருவருக்குக் கடித வடிவில் தன் சோதனைகளை எழுதினார். செடிகள் நமக்குப் பழகியவைதான். ஆமணக்கில் ஆண் மொட்டுகளை விரியுமுன்பே கிள்ளிவிட்டார். நல்ல முத்து ஒன்றுகூட விளையவில்லை. மக்காச்சோளக் கதிரின் குஞ்சத்தை வெட்டிவிட்டார். கதிரில் மணி பிடிக்கவில்லை. பக்கத்தில் ஆண்மரம் இல்லாத முசுக்கட்டை பழுத்தது, ஆனால் விதை உள்ளீடற்ற சாவியாக இருந்தது. கஞ்சாவில் மட்டும் சோதனை உதைத்தது. தனியாக வைத்த பெண்செடியும் கொஞ்சம் விதை கொடுத்தது. அதையும் மறைக்காமல் எழுதினார்.

இரண்டும் வேண்டும் என்பது இத்தோடு தெரிந்துவிட்டது. ஏன் வேண்டும்? இரண்டும் சேர்ந்து பிள்ளையாகின்றனவா, இல்லை ஒன்று பிள்ளையாக, மற்றது தொட்டிலாக இருக்கிறதா? பழைய வழக்கு நுண்ணோக்கிக்கு அடியில் மறுபடி விசாரணைக்கு வந்தது.

3

நடுவில் ஒரு கல்யாண அத்தியாயம் உண்டு. சுவீடனின் கார்ல் லின்னேயஸ் 1729-30 வாக்கில் எழுதிய சிறு பிரதியிலேயே பூவை மணவறையாகவும் இதழ்களை மணப்படுக்கையின் திரைச்சீலையாகவும் வருணித்தார். 1735-இல் வெளியிட்ட 'சிஸ்டமா நேச்சுரே'யில் மொத்தத் தாவர உலகையும் 24 வகுப்புகளாகப் பிரித்தார். பிரித்தது கல்யாணக் கணக்கில். ஒரு மகரந்தத்தாள் உள்ளவை 'ஒரு கணவன்' வகுப்பு. இரண்டு இருந்தால் 'இரண்டு கணவர்'. கசகசாச் செடிபோல ஏராளம் இருந்தால் 'பல கணவர்'. பூவே கண்ணில் படாத பாசி, பெரணி வகையறா 24-ஆம் வகுப்பு, 'கள்ள மணம்'. சர்ச்சையும் கிளம்பியது. பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த யோஹான் சீகெஸ்பெக், ஒரு பெண்ணுக்கு இத்தனை ஆண் என்கிற அசிங்கத்தைக் கடவுள் பூவில் வைத்திருப்பாரா என்று 1737-இல் கொதித்தார். அதே ஆண்டு லின்னேயஸ் ஒரு களைச்செடிக்கு அவர் பெயரை வைத்தார். அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது.

இரண்டு பேர் சண்டையிலும் பொதுவாக இருந்த ஒன்றை யாரும் கவனிக்கவில்லை. அதைச் சுட்டிக்காட்டியவர் லோண்டா ஷீபிங்கர் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியை, 1993-இல் வெளிவந்த தன் நூலில். லின்னேயஸ் அமைப்பில் மேல்தட்டான 'வகுப்பு' தீர்மானமாவது ஆண் உறுப்புகளை எண்ணி. அதற்குக் கீழ்த்தட்டான 'வரிசை' தீர்மானமாவது பெண் உறுப்புகளை எண்ணி. ஏன் இப்படி? மாற்றி வைத்தால் என்ன கெட்டுவிடும்? தாவரவியல் காரணம் எதுவுமே கிடையாது. ஐரோப்பிய வீட்டின் படிநிலை அப்படியே பூவுக்குள் குடியேறிவிட்டது. பிறகு பூவைக் காட்டி, இயற்கையே இப்படித்தான் என்று வீட்டுக்குத் திருப்பிச் சொல்ல முடிந்தது.

இந்தக் கல்யாணக் கணக்கு நம் கரைக்கும் வந்து சேர்ந்தது. லின்னேயஸின் மாணவர் யோஹான் கெர்ஹார்டு கோனிக் 1768-இல் தரங்கம்பாடி வந்து இறங்கினார். சோழமண்டலக் கரையின் செடிகள் லத்தீன் பெயரும் கணவன் எண்ணிக்கையும் பெற்றுப் பெட்டிகளில் அடைபட்டு ஐரோப்பா போயின. செடியோடு அதன் தமிழ்ப் பெயர் போயிருக்கலாம். அந்தப் பெயரை வைத்திருந்த மனுஷர்களின் அறிவு, அட்டவணையில் உட்கார இடமில்லாமல் கரையிலேயே நின்றுவிட்டது.

4

கல்யாணம் நடந்ததா, நடந்தால் யார் பங்கு எவ்வளவு? ஜெர்மானியரான யோசஃப் கோல்ராய்ட்டர் 1761-இலிருந்து தன் கலப்புச் சோதனைகளை வெளியிட்டார். இரண்டு இனப் புகையிலைகளை ஒட்டவைத்தார். பிறந்த செடி இரண்டுக்கும் நடுவாக இருந்தது. பிறகு தாயைத் தகப்பனாகவும் தகப்பனைத் தாயாகவும் மாற்றிச் செய்தார். பிறந்தது முன்னதைப் போலவே இருந்தது. தகப்பன் வடிவத்தையும் தாய் பொருளையும் மட்டும் தருவதாக இருந்தால் மாற்றிப்போடும்போது பிள்ளை மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. அரிஸ்டாட்டிலுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை. ஆனால் பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த அடி தற்செயலாக விழுந்தது. இத்தாலியில் நுண்ணோக்கி செய்வதில் கைதேர்ந்த ஜோவன்னி அமீச்சி, பருப்புக்கீரைப் பூவின் சூல்முடி மயிரில் ஓடும் உயிர்ச்சாற்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். அதில் ஒட்டியிருந்த மகரந்தத்தூள் ஒன்றிலிருந்து திடீரென ஒரு குழாய் நீண்டது. 1824-இல் இதை வெளியிட்டார். 1830-இல் அந்தக் குழாய் சூல்தண்டு வழியே இறங்கிச் சூல்வரைக்கும் போவதாக எழுதினார். மகரந்தம் வெறும் பொடி அல்ல, முளைக்கிறது!

முளைக்கிறது என்றதும் பழைய பேய் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது. முளைப்பது எது? விதை. அப்படியானால் மகரந்தம்தான் விதை! செல் கொள்கையை வகுத்தவர்களில் ஒருவரான, அன்றைய ஜெர்மன் தாவரவியலின் பெருந்தலை மத்தியாஸ் ஷ்லைடன் 1837-இல் சொன்னது ஏறக்குறைய இதுதான். மகரந்தக்குழாயின் நுனி சூலுக்குள் நுழைந்து, அந்த நுனியே வீங்கிக் கருவாகிறது. சூல் அதற்கு இடமும் தீனியும் தருகிறது, அவ்வளவே. பெண் செல் என்ற ஒன்றே இந்தக் கதையில் இல்லை. அப்பல்லோ நீதிமன்றத்தில் சொன்னதை ஷ்லைடன் ஆய்வகத்தில் வரைந்து காட்டினார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. குழந்தை மகரந்தத்திலிருந்தே வருகிறதென்றால் மகரந்தத்தை முட்டை என்றும் பெண் என்றும்தானே சொல்லவேண்டும் என்று அந்தப் பக்கத்திலேயே வாதம் எழுந்தது. எனவே ஷ்லைடனை ஆணாதிக்கவாதி என்று ஒரே வார்த்தையில் மூடிவிட முடியாது. பெயரை மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தவர்களால்கூட விட முடியாமல் இருந்தது அந்த அமைப்பைத்தான்: உயிர் ஒரே மூலத்திலிருந்து வரும், மற்றது படுக்கையாக இருக்கும். இரண்டு மூலம், சமமான இரண்டு மூலம் என்பது யோசிக்கவே முடியாததாக இருந்தது.

சண்டை இருபது ஆண்டு நீண்டது. குழாய் வருமுன்பே சூலின் உள்ளே ஒரு செல் காத்திருக்கிறது, கரு அதிலிருந்துதான் வருகிறது என்று அமீச்சி ஆர்கிட் பூக்களில் பார்த்து 1846-இல் ஜெனோவா மாநாட்டில் சொன்னார். 1849-இல் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர் பல செடிகளில் அதையே படம்படமாக வரைந்து நிறுவினார். இந்த ஹோஃப்மைஸ்டர் யார் தெரியுமா? பல்கலைக்கழகத்தில் படிக்காதவர். லைப்சிக் நகரத்தில் அப்பாவின் புத்தக, இசை வெளியீட்டுக் கடையைப் பார்த்துக்கொண்டு, வேலைக்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தில் நுண்ணோக்கியில் குனிந்தவர். கிட்டப்பார்வைக்காரர் வேறு. பெரிய நிறுவனங்கள் மறுபக்கம் நின்றன. ஷ்லைடனின் மாணவர் ஹெர்மன் ஷாக்ட், குருவின் கொள்கையை ஆதரித்து எழுதிய ஆய்வுக்கு ஆம்ஸ்டர்டாமின் அறிவியல் நிறுவனம் பரிசு கொடுத்து 1850-இல் வெளியிட்டது. ஷாக்ட் பார்க்காமல் எழுதவில்லை, நிறையப் படங்கள் வரைந்தார். எதிர்பார்த்ததைப் பார்த்தார். 1856-இல் லுட்விக் ராட்ல்கோஃபரின் ஆய்வு வந்தபோதுதான் ஷ்லைடன் தரப்பு அடங்கியது. ஷாக்டும் அதே ஆண்டு கட்சி மாறினார்.

சூலுக்குள் ஒரு முட்டை இருக்கிறது, அது பூவின் சொந்த உடைமை, வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து போட்டதில்லை என்பது இவ்வளவு அமளிக்குப் பிறகு அறிவியலில் பதிவானது.

5

இனி மகரந்தம் எது என்று தெளிவாக வேண்டும். மகரந்தத்தூளையே ஆண் விந்து என்று சொல்லிவிடுகிறோம். நம் மொழியும் அதற்குத் தோது செய்கிறது. பழைய தமிழில் பூந்தூளுக்குப் பெயர் 'தாது'. அதே 'தாது' சித்தமருத்துவத்தில் உடம்பின் ஏழு தாதுக்களில் கடைசியாகச் சுக்கிலத்தைக் குறிக்கும். பேருந்து நிலையச் சுவர்களில் 'தாது விருத்தி' என்று விளம்பரம் எழுதுகிறவனுக்குப் பூ ஞாபகம் வராது. ஆனால் இரண்டும் ஒரே சொல்தான்.

உண்மையில் மகரந்தத்தூள் என்பது ஆண் செல் அல்ல, ஆண் செல்லைச் சுமக்கும் மிகச் சிறிய தாவரம். அதில் பெரிய செல் ஒன்று. அதற்குள்ளே சிறிய செல் ஒன்று. பெரியது குழாயாக நீள்கிறது. சிறியது இரண்டாகப் பிரிகிறது. அந்த இரண்டுதான் ஆண் செல்கள். அவற்றுக்கு வால் இல்லை, நீந்தத் தெரியாது. குழாய் சுமந்துபோய் இறக்கிவிட்டால் உண்டு. சூலின் உட்பக்கம் பெரும்பாலான பூக்களில் ஏழு செல்கள் இருக்கின்றன: ஒரு முட்டை, அதன் இரு பக்கமும் இரண்டு உதவிச் செல்கள், எதிர் மூலையில் மூன்று, நடுவில் இரட்டை உட்கருவோடு பெரிய மையச் செல் ஒன்று.

ஆண் செல்லின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் ஒன்றாகக் கலப்பதை எட்வர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் 1884-இல் கண்டு எழுதினார். அப்போதும் ஒரு புதிர் மிச்சம். ஆண் செல் இரண்டு இருக்கிறதே, இன்னொன்று எங்கே போகிறது? 1898 ஆகஸ்டில் கீவ் நகரத்தில் கூடிய மாநாட்டில் செர்கெய் நவாஷின் பதில் சொன்னார். லில்லிக் குடும்பப் பூக்களில் இரண்டாவது ஆண் செல், நடுவிலிருக்கும் மையச் செல்லோடு சேர்கிறது. அந்தச் சேர்க்கையிலிருந்து வருவது கருவைச் சுற்றியிருக்கும் உணவு, நம் பாடநூல் சொல்லில் முளைசூழ்தசை. பாரிஸில் லியோன் கினார் 1899-இல் அதையே உறுதிசெய்தார்.

அதே 1899-இல் அதே லில்லியில் அதே காட்சியைக் கண்டு வெளியிட்ட இன்னொருவர் உண்டு: இங்கிலாந்தின் எதெல் சார்ஜன்ட். தாயின் வீட்டுத் தோட்டத்தில் கட்டிய ஆய்வகத்தில் வேலை செய்தவர். கேம்பிரிட்ஜின் கிர்ட்டன் கல்லூரியில் படித்தவர். ஆனால் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்கும் அறிவு கேம்பிரிட்ஜுக்கு 1948-இல்தான் வந்தது. கணவர்களை எண்ணி வகுப்பு பிரித்தவர் பெயரில் லண்டனில் நடக்கும் லின்னேயன் சங்கம், பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தது 1904-இல்தான். பூவின் பெண் செல்லைத் தேடிய காலம் முழுவதும் பெண்கள் வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள்.

இப்போது ஒரு நெல்லைக் கையில் எடுத்துக்கொள்வோம். மேலே உமி: அது முழுக்கத் தாய்ச்செடியின் பூவிலிருந்து வந்தது. உள்ளே தவிட்டின் மேலடுக்குகள்: அவையும் தாய்ச்செடியின் தோல். ஓரத்தில் முளை: முட்டையும் ஆண் செல்லும் சேர்ந்தது, பாதிக்குப் பாதி. மீதி, நாம் வடித்துச் சாப்பிடுகிற வெள்ளை அரிசி, முளைசூழ்தசை: மையச் செல்லின் இரண்டு உட்கருவும் ஆண் செல்லின் ஒன்றும் சேர்ந்தது, தாய் இரண்டு பங்கு, தகப்பன் ஒரு பங்கு. நுங்கும் தேங்காய்ப் பருப்பும் இளநீரும் இதே முளைசூழ்தசைதான். ஒரு நெல்லில் தகப்பன் மட்டும் தனியாகக் கொடுத்த பாகம் எதுவும் இல்லை. 'வித்து' என்று ஸ்மிருதிக்காரர்கள் எதைக் கையில் வைத்துக்கொண்டு ஆணின் மேன்மையைப் பேசினார்களோ, அதில் பெரும்பங்கு தாயினுடையது.

பசுமையும்கூட. கார்ல் கோரன்ஸ் 1909-இல் அந்திமந்தாரையில் காட்டினார்: இலையில் பச்சையும் வெள்ளையும் கலந்த செடியில், பச்சைக் கிளைப் பூ பச்சைப் பிள்ளைகளையே தருகிறது, வெள்ளைக் கிளைப் பூ வெள்ளைப் பிள்ளைகளையே தருகிறது. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் மாற்றமில்லை. பச்சையத்தைத் தாங்கும் நுண்ணுறுப்பு பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் முட்டை வழியாகத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

6

உவமை மறுபடியும் ஒருமுறை உடைந்தது, இந்த முறை டில்லியில். பஞ்சானன் மகேஸ்வரி டில்லிப் பல்கலைக்கழகத்தில் கட்டியெழுப்பிய கருவியல் துறையில், குசும் காந்தா, ரங்கசாமி ஆகியோரோடு அவர் 1962-இல் கசகசாச் செடியின் சூல்களைச் சோதனைக் குழாயிலேயே கருவுறச் செய்து விதையாக்கினார். 1964-இல் சிப்ரா குஹாவும் எஸ்.சி. மகேஸ்வரியும் ஊமத்தையின் மகரந்தப் பையை வளர்ப்புக் கரைசலில் இட்டபோது, முட்டையே இல்லாமல் மகரந்தத்திலிருந்து நேராகக் கருக்கள் எழுந்தன. ஷ்லைடன் ஜெயித்துவிட்டாரோ என்று தோன்றும். 1976-இல் பார்லியின் கருவுறாத சூலகத்தை வளர்த்தபோது ஆண் செல்லே இல்லாமல் செடிகள் வந்தன. இரண்டு பக்கமும் தனித்தனியே முழுச் செடியாகும் வல்லமை இருக்கிறது. பூவில் அவை சேர்வது, ஒன்று உயிர், மற்றது மண் என்பதால் அல்ல.

அறிவு இவ்வளவு தூரம் வந்த பிறகும் பாடநூல்களின் வாக்கியம் மாறவில்லை. குழாய் 'துளைக்கிறது', 'ஊடுருவுகிறது', 'அடைகிறது'. சூல் 'பெறுகிறது'. மனிதக் கருவுறுதலைப் பாடநூல்கள் எப்படி வீரக் காதலாக எழுதுகின்றன என்று எமிலி மார்ட்டின் 1991-இல் எழுதிய கட்டுரை பூவுக்கும் பொருந்தும். தமிழில் இன்னும் ஒரு படி மேலே. 'சூல்' என்றால் கர்ப்பம். இன்னும் கருவுறாத ஒன்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயரே கர்ப்பம்தான். அதன் உள்ளே ஏழு செல்லும் இருக்கும் அறைக்குப் பாடநூல் தரும் பெயர் 'கருப்பை'. பெண் உறுப்பு என்றாலே பிள்ளை சுமக்கும் இடம் என்பதைத் தவிர வேறு சொல் நமக்கு அகப்படவில்லை.

'உதவிச் செல்கள்' என்று ஓரமாக உட்காரவைத்தோமே, அந்த இரண்டின் கதையைப் பாருங்கள். ஜப்பானில் டெட்சுயா ஹிகாஷியாமாவின் குழு 2001-இல் லேசர் கதிரால் ஒவ்வொரு செல்லாக அழித்துப் பார்த்தது. முட்டையை அழித்தாலும் குழாய் வந்தது. உதவிச் செல் இரண்டையும் அழித்தால் வரவில்லை. 2009-இல் அவை சுரக்கும் சிறு புரதங்களையே பிரித்தெடுத்தார்கள். அந்தப் புரதங்கள் இருக்கும் திசைக்குத்தான் குழாய் திரும்புகிறது. பாதை காட்டுவது பெண் பக்கம். சூல்முடியும் சும்மா இருப்பதில்லை. ஏராளமான செடிகளில், வந்து விழும் தூள் எதுவென்று அறிந்து, தன் செடியின் தூளையே முளைக்கவிடாமல் நிறுத்திவிடும்.

இந்த இடத்தில் நம் தோழர்களுக்கு ஒரு ஆசை வரும். பாருங்கள், பூவே அகமணத்தை மறுக்கிறது, இயற்கை நம் பக்கம் என்று மேடையில் சொல்லிவிடலாம் என்று. வேண்டாம். நெல் பெரும்பாலும் தன் பூவிலேயே தன்னைக் கருவுறச் செய்துகொள்கிறது. அதைக் காட்டி எதிராளி 'இயற்கை எங்கள் பக்கம்' என்பான். தவிரவும், பத்தில் ஏறக்குறைய ஒன்பது வகைப் பூச்செடிகளில் ஆணும் பெண்ணும் ஒரே பூவில்தான். பனைபோல மரமே இரண்டாகப் பிரிந்தவை நூற்றுக்கு ஐந்தாறு வகைதான். 'தாய்', 'தகப்பன்' என்று இந்தக் கட்டுரை முழுக்க நாம் புழங்கிய சொற்களே அவற்றுக்குக் கடன் கொடுத்த சட்டை. லின்னேயஸ் செய்ததை நம் தரப்பிலிருந்து திருப்பிச் செய்வதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. சாதிக்கு அகமணம்தான் உயிர்நாடி என்று அம்பேத்கர் 1916-இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் விளக்கியபோது, அதைச் சமூகம் செய்த ஏற்பாடாகவே, பெண்ணின்மேல் வைத்த காவலாகவே விளக்கினார். அந்த வழக்கை அங்கேதான் நடத்த வேண்டும்.

ஆனால் எதிர்த்தரப்பு கூப்பிட்டிருக்கும் சாட்சியைக் குறுக்குவிசாரணை செய்ய நமக்கு உரிமை உண்டு. பெண்ணின் உடம்பை வயல் என்றும், அதற்குச் சொந்தக்காரன் வேண்டும் என்றும், வேற்றுச் சாதி விதை விழுந்தால் வயலைக் கொளுத்தலாம் என்றும் சொல்கிற நியாயம் முழுக்க விதையைத்தான் சாட்சியாக நிறுத்துகிறது. விதையை உடைத்துப் பார்த்தவர்கள் அதில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பாதி அவளுடையது, சோறு மூன்றில் இரண்டு பங்கு அவளுடையது, தோல் முழுக்க அவளுடையது. அந்தச் சாட்சி இனி நிற்காது. அடுத்தமுறை யாராவது 'நிலம் சரியில்லை' என்றால், முதலில் விதை என்றால் என்னவென்று அவரைக் கேட்கலாம்.